புதைத்தது பொழிவு மட்டுமல்ல, காற்று

ஆசிரியருக்கு,

வணக்கம். அண்டார்டிகாவில் 1983-84இல் இந்தியா அமைத்த முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரி பற்றிப் பேச்சு வந்தாலே, ‘கடும் பனிப்பொழிவில் புதைந்தது’ என்று நாளிதழ்கள் எழுதிவிடுகின்றன. பொழிவுக்கும் பங்கு உண்டு. ஆனால் பொழிவு மட்டும் என்றால் சுற்றுப்புறம் முழுக்க ஒரே சீராக உயரும். கட்டடம் இருக்கும் இடமாகப் பார்த்து மேடு போடுவது காற்றின் வேலை.

உலர்ந்த புதுப்பனியைக் கிளப்ப மணிக்கு 20, 25 கி.மீ. காற்று போதும். சில துகள்கள் தரையோடு உருளும். பல, சில விரற்கடை உயரம் துள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் வேறு துகள்களைக் கிளப்பிவிடும். காற்று வலுத்தால் ஆள் உயரத்துக்கு மேலும் பறக்கும். நம் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலும் இப்படித்தான் நகர்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் பனி எட்டு மடங்குக்குக் குறையாமல் பெருகும்.

மணலுக்கு இல்லாத ஒரு குணம் பனிக்கு உண்டு. மோதிப் பொடியான துகள்கள் படிந்த சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். புதுப்பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. காற்று குவித்த பனி 300, 400 கிலோ. மண்வெட்டி எளிதில் இறங்காது. ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்தெடுப்பதே சுலபம்.

தரையோடு ஒட்டிய கட்டடத்தில் காற்று மோதும் பக்கம் சுழல் உண்டாகிச் சுவரோரம் பள்ளம் பறிக்கும். பின்பக்கம் வேகம் தணிந்து சுமையை இறக்கும். காற்றுக்கு மறைவு என்று பின்சுவரில் வாசல் வைத்தால், ஒரு புயல் இரவு போதும், கதவு மூடிவிடும். காற்றோடு இணையாக ஓடும் பக்கச்சுவரே வாசலுக்கு ஏற்றது.

பிறகு இந்தியா அங்கே அமைத்த நிலையங்களான, 1989இல் வந்த மைத்ரியும் 2012இல் வந்த பாரதியும் பாறைத் தரையில், கால்கள் மேல் நிற்பவை. அடியில் உள்ள இடைவெளியில் காற்று நெருக்குண்டு வேகமெடுத்துப் பனியை அள்ளிக்கொண்டு போகும். குவியல் தள்ளிப்போய் விழும். சும்மா கிடக்கிற இடம்தானே என்று அங்கே பீப்பாய்களை அடுக்கினால் கால்கள் வைத்த பயனே போயிற்று.

சாலையோரப் பனித்தடுப்பு வேலி இதையே தலைகீழாகப் பயன்படுத்துகிறது: பனியை வேண்டிய இடத்தில் விழவைப்பது. பாதிக்குப் பாதி திறப்புள்ள வேலியே நல்லது. அடியில் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விடாவிட்டால் வேலியே புதைந்துவிடும். அதன் பின்னால் குவியல் வேலியின் உயரத்தைப் போல 30 முதல் 35 மடங்கு நீளும். 2 மீட்டர் வேலி என்றால், காற்று வரும் பக்கமாகச் சாலையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நட வேண்டும். இடம் இல்லையென்று 20 மீட்டரில் நட்டால், வேலி இல்லாதபோது சாலையைக் கடந்து போயிருக்கும் பனியும் சாலையிலேயே வந்து விழும்!

அண்டார்டிகாவில் அதிகம் வீசும் காற்றின் திசையை அறியக் கருவிகூட வேண்டாம். இறுகிய பனித்தரையைக் காற்று அரித்து உண்டாக்கும் வரப்புகளை ரஷ்யச் சொல்லால் சஸ்த்ரூகி என்பார்கள். அவற்றின் கூரிய, செங்குத்தான மூக்கு காற்று வரும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சரக்குப் பெட்டிகளை அந்தத் திசைக்குக் குறுக்கே, ஒரே வரிசையாக வைக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், முன் பெட்டியின் குவியலுக்குள் பின் பெட்டி போய்விடும். பெட்டிகள் புதைந்தாலும் இடம் தெரிய, வரிசையின் இரு முனைகளிலும் கொடிக்கம்பு நடுவது கட்டாயம்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை