பெயர் எழுதாத படங்கள்

நியூயார்க்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய படங்களைப் பார்த்தேன். குழந்தை அப்படியே உன் அம்மா ஜாடை. முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ரிட்டயர் ஆன பிறகும் யார் வீட்டுப் பழைய காகிதத்தோடோ எதற்கு மல்லுக்கட்டுகிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் வாஷிங்டன் ஹைட்ஸில் இப்போது கடைத்தெரு முழுக்க ஸ்பானிஷ் பேச்சுதான். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குடும்பங்கள். ஆனால் 1930களின் கடைசியில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிய இடம் இது. 'ஹட்சன் கரை பிராங்க்பர்ட்' என்றே பட்டப்பெயர் உண்டு. பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான ஹென்றி கிஸ்ஸிஞ்சரின் குடும்பமும் 1938இல் வந்து இங்கேதான் தங்கியது. எங்கள் மேல்மாடி அம்மா அந்தக் கூட்டத்தில் மிஞ்சியிருக்கும் சிலரில் ஒருவர். 1939இல் கைக்குழந்தையாக பிராங்க்பர்ட்டிலிருந்து வந்தவர். பிள்ளைகள் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறார். அலமாரிக்கு மேல் அவருடைய அம்மா சேர்த்து வைத்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. கடிதங்கள், ஆல்பங்கள், ரசீதுகள். "பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஜெர்மன், யார் படிக்கப்போகிறார்கள்? குப்பையில் போட்டுவிடலாம்" என்றார். என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இதற்கென்றே இந்த ஊரில் லியோ பேக் நிறுவனம் இருக்கிறது. லியோ பேக் என்பவர் பெர்லினில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக இருந்தவர், நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். 1955இல் ஜெருசலேம், லண்டன், நியூயார்க் மூன்று இடங்களிலும் அவர் பெயரில் இதைத் தொடங்கினார்கள். முதல் தலைவரும் அவரே. பெரிய பேராசிரியர்களின் காகிதம்தான் வேண்டும் என்பதில்லை. துணி வியாபாரி, மாட்டு வியாபாரி, பள்ளிக்கூட ஆசிரியர் என்று யார் வீட்டுக் காகிதமாக இருந்தாலும் வாங்கிப் பட்டியல் போட்டு, ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். மேல்மாடி அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றும் என்ன, படத்தில் இருப்பது யார் என்று கேட்டு எழுதுவதுதான் இப்போது என் வேலை. காகிதத்தைக் காப்பாற்ற அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த முகம் எந்தச் சித்தப்பா என்பதைச் சொல்ல இவர் ஒருவர்தான் இருக்கிறார்.

வசந்தா, அந்தப் பெட்டியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு சாமான் பட்டியல். ஜெர்மனியை விட்டுப் போகிற யூதர்கள் எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளையும் எழுதி அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933க்கு முன் வாங்கியது, அதற்குப் பின் வாங்கியது, பயணத்துக்கென்று புதிதாக வாங்கியது எனத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இந்தப் பட்டியலை அந்த அம்மாவின் தாயார் தட்டச்சு செய்திருக்கிறார். கைக்குட்டை, மேஜை விரிப்பு, தலையணை உறை, குழந்தையின் கம்பளிச் சட்டை, காபிக்கொட்டை அரைக்கும் மில். 1939 பிப்ரவரியில் வந்த உத்தரவுப்படி யூதர்கள் தங்கம், வெள்ளியை எல்லாம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கல்யாண மோதிரத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் கரண்டி, முள்கரண்டிகளையும்தான் விட்டுவைத்தார்கள். பட்டியலில் வெள்ளிச் சாமான்கள் இருந்த வரிகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கிறது. கீழே கையெழுத்து, பெயருக்கு நடுவில் 'சாரா'. அந்த வருடம் ஜனவரியிலிருந்து யூதப் பெண்கள் பெயரோடு சாரா என்றும், ஆண்கள் இஸ்ரேல் என்றும் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தபோது அந்த அம்மா எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து காபி மில்லைக் கொண்டுவந்து வைத்தார். கைப்பிடி மட்டும் மாற்றியிருக்கிறதாம்.

அவர் பத்திரப்படுத்த நினைத்த பாஸ்போர்ட்டில் யூதர் என்று காட்டும் ஜே (J) முத்திரை சிவப்பு மையில் இருக்கிறது. அந்த மாதிரிப் பாஸ்போர்ட்டை நிறைய மியூசியங்களில் பார்க்கலாம். ஆனால் இந்தக் குடும்பம் என்ன உடுத்தியது, எதில் சாப்பிட்டது, எதைப் பறிகொடுத்தது என்று சொல்ல இந்தப் பட்டியலை விட்டால் வேறு எதுவும் கிடையாது. முக்கியமானது, முக்கியமில்லாதது என்று வீட்டில் இருப்பவர்கள் பிரிக்க ஆரம்பித்தால் முதலில் போவது இதுதான்.

யூதர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. கடவுளின் பெயர் எழுதிய காகிதத்தைத் தூக்கி எறியக் கூடாது, ஜெனீசா என்ற அறையில் போட்டு வைப்பார்கள். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெபாலயத்தின் ஜெனீசாவில் சாதாரணக் கடிதமும் கணக்குச் சீட்டும்கூடச் சேர்ந்து கிடந்தன. அதில் ஒன்று, தத்துவஞானி மைமோனிடிஸின் தம்பி டேவிட் இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன் செங்கடல் ஓரத்து அய்தாப் துறைமுகத்திலிருந்து அண்ணனுக்கு எழுதியது. அந்தப் பயணத்தில் அவர் கடலில் மூழ்கிப் போனார். 1170ஐ ஒட்டி எழுதிய அந்தக் கடிதம் இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் மேல்மாடி அம்மா குப்பைப் பேச்சை விட்டார்.

அந்த அம்மாவின் பாட்டி எழுதிய கடிதங்கள் வேறு கதை. மகளும் மருமகனும் குழந்தையோடு கிளம்பிவிட்டார்கள், பாட்டிக்கு விசா கிடைக்கவில்லை. கடிதமெல்லாம் குர்ரெண்ட் என்ற பழைய சாய்வு எழுத்தில் இருக்கிறது. 1941இல் நாஜி அரசே பழைய எழுத்துகளை நிறுத்திவிட்டதால் இன்றைய ஜெர்மன் பிள்ளைகளுக்கே அது படிக்க வராது. எழுத்துத் தெரிந்த ஒரு பெரியவர் படித்துச் சொல்கிறார். குழந்தைக்குப் பல் முளைத்ததா, பிளம்ஸ் கேக்குக்கு மாவு எவ்வளவு, அமெரிக்கத் தூதரகத்தில் விசா வரிசை எண் நகர்ந்ததா. உறைகளில் ராணுவத் தணிக்கையாளர் பிரித்து ஒட்டிய நாடா அப்படியே இருக்கிறது. கடைசிக் கடிதம் 1941 அக்டோபர் தொடக்கத்தில் எழுதியது. அந்த மாதம் 19ஆம் தேதி காலை பிராங்க்பர்ட்டில் வீடு வீடாகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை இழுத்துவந்து, மொத்தக் காய்கறிச் சந்தையின் நிலவறையில் அடைத்து வைத்து, போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்கு ரயில் ஏற்றினார்கள். பாட்டி அதில் போனார். அந்தப் பிளம்ஸ் கேக் வரிகளைப் பெரியவரிடம் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் இந்த அம்மா.

படங்கள்தான் கஷ்டம். பின்பக்கம் பெயர் எழுதாதவை நிறைய. அப்போதுதான் ஒரு ஊரின் கதை ஞாபகம் வந்தது. லித்துவேனியாவில் எய்ஷிஷோக் என்ற ஊர். அங்கே இருந்த யூதர்களை 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஊரில் பிறந்த யாஃபா எலியாக் பிற்பாடு உலகம் முழுக்கத் தேடி ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தார். எப்படிக் கிடைத்தன தெரியுமா? வெளிநாட்டு உறவினர்களுக்குப் புத்தாண்டு வாழ்த்தாக அனுப்பிய படங்கள் அந்த வீடுகளில் இருந்தன. நாஜிகளின் யூதப் படுகொலையை நினைவுகூரும் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் மியூசியத்தில் மூன்று மாடி உயரக் கோபுரமாக அவை நிற்கின்றன. அதனால் இங்கேயும் அர்ஜென்டினா, இஸ்ரேல் உறவுகளுக்கு ஸ்கேன் படம் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். ஹைஃபாவிலிருக்கும் ஒரு தூரத்து உறவினர் குடைபிடித்து நின்ற பெண் யார் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு கடிதக் கட்டை மட்டும் அந்த அம்மா கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அப்பா அம்மா சண்டை போட்டுப் பிரிந்திருந்த காலத்துக் கடிதங்கள். ஆய்வாளர்களுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனாலும் அது அவர் இஷ்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டும் கொடுக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவைத்தேன், யோசிக்கிறார்.

உன் மாமனாரின் டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய் அல்லவா? ஜெம் கிளிப், குண்டூசி எல்லாம் எடுத்துவிடு, துரு ஏறும். செல்லோடேப் ஒட்டாதே, லேமினேட் செய்யவே செய்யாதே. படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுது, பேனா வேண்டாம். எந்தக் கட்டில் எது இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காதே. அப்புறம், உன் அத்தையிடம் இப்போதே உட்கார்ந்து பெயர் கேட்டுவிடு.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து வந்து பெட்டிகளை எடுத்துப்போகிறார்கள். அதற்குள் இரண்டாவது ஆல்பத்தை முடிக்க வேண்டும். மார்கழிக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டாயிற்று. தஞ்சாவூரில் இறங்கியதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
கௌரி