மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு பி12 பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருபவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்ப்பதை அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாகச் சர்க்கரை நோய்க்கான மருந்துகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. பாராட்ட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் மாத்திரை மாதந்தவறாமல் கிடைக்கும்போது, அதனால் மெல்ல மெல்லக் குறையக்கூடிய ஒரு சத்தைக் கண்காணிக்கும் கடமையும் உடன் வந்துவிடுகிறது.

‘கால் எரிகிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது, மெத்தைமேல் நடப்பது போலத் தெரிகிறது’ என்று சர்க்கரை நோயாளி ஒருவர் சொன்னால், ‘சுகர் வந்தால் நரம்பு அப்படித்தான்’ என்ற பதில் நம் ஊரில் ஆயத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பி12 குறைந்தாலும் இதே தொல்லைகள்தாம் வரும். செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் நடப்பதும், முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடல் தள்ளாடுவதும், விரல் கணுக்கள் காரணமின்றிக் கறுத்துப்போவதும், நாக்கு வழவழப்பாகிக் காரம் பட்டால் எரிவதும் கண்டால் பி12 பக்கம் கவனம் திரும்ப வேண்டும். கால் இருக்கும் இடத்தை மூளைக்கு உணர்த்தும் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் பழுதுபடுவதாலேயே கண்ணை மூடியதும் தள்ளாட்டம் வருகிறது. சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பை முழுதாகத் திருப்ப மருந்து இல்லை. பி12 குறைவால் வந்ததை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் பெருமளவு திருப்பிவிடலாம். இரண்டையும் ஒரே பெயரில் தள்ளிவிடுவதில் உள்ள இழப்பு இதுதான்.

நம் உடலில் பி12-ஐத் துணையாகக் கொண்டு இயங்கும் நொதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகிறது. அதற்கு வேண்டிய மெத்தில் தொகுதியை, அதாவது ஒரு கரிம அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு துண்டை, தருவது மற்றொரு பி வைட்டமினான ஃபோலேட். பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் அந்த மெத்தில் தொகுதியை இறக்கிவைக்க இடமின்றி, வேறு வேலைக்கும் பயன்படாமல் முடங்கிப்போகிறது. டிஎன்ஏ-வுக்கு வேண்டிய தைமிடின் உற்பத்தி ஃபோலேட்டை நம்பியிருப்பதால், எலும்பு மஜ்ஜையில் செல்கள் பருக்கின்றன, ஆனால் பிரிய முடிவதில்லை. அளவில் பெரிய, எண்ணிக்கையில் குறைந்த சிவப்பணுக்கள் தோன்றி இரத்தசோகை உண்டாகிறது. மற்றொரு நொதி, மெத்தில்மலோனைல் கோ-ஏ என்பதை சக்சினைல் கோ-ஏ-வாக மாற்றி ஆற்றல் உற்பத்திப் பாதையில் சேர்க்கிறது; இது தடைபட்டால் மெத்தில்மலோனிக் அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது. நரம்புறையாகிய மையலின் சிதைவதற்கு இவ்விரு கோளாறுகளோடும் தொடர்பு உண்டு.

பி12 இப்படி இரண்டு நொதிகளுக்குத் துணை நிற்பதால்தான் ஒரு பழைய விபரீதம் நேர்ந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் இந்தியா வந்து, பம்பாயிலும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பின்னர் சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் மகப்பேறு மருத்துவமனையிலும், ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள்தான் ஃபோலேட் என்பது பிறகு தெரிந்தது. 1945-இல் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரித்த லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். அம்மருந்து வந்த வேகத்தில், உண்மையில் பி12 குறைவால் வரும் கொடிய இரத்தசோகைக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது, முகத்தில் களை வந்தது, நரம்போ தொடர்ந்து கெட்டது. சிலருக்கு முன்னைவிட வேகமாகக் கெட்டது. முடங்கிக் கிடந்த ஃபோலேட்டுக்குப் பதிலாகப் புதிய ஃபோலிக் அமிலம் வந்து மஜ்ஜையின் வேலையை நடத்திக்கொடுக்க, இரண்டாம் நொதியின் கோளாறு தீராமல் நீடித்ததுதான் காரணம்.

கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றி யாருக்கும் இதனால் ஐயம் வரத் தேவையில்லை. சிசுவின் நரம்புக்குழல் சரியாக மூட ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. வயதானவருக்கு ‘இரத்தம் குறைவு’ என்றவுடன் பி12 அளவைப் பாராமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எழுதிக் கொடுப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பையின் அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த இணை சிறுகுடலின் கடைக்கோடிவரை சென்று, கால்சியத்தின் துணையுடன் உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் இந்தக் கடைசிப் படியை மட்டுப்படுத்துகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். போதாக்குறைக்கு, ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கி, ஆண்டுக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோலும் பான்டோபிரசோலும் இரைப்பை அமிலத்தைக் குறைத்து முதல் படியையே கெடுக்கின்றன. இரண்டையும் சேர்த்து விழுங்கும் அறுபது வயதுச் சைவ உணவுக்காரர் நம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கல்லீரலில் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் தாங்கக்கூடிய சேமிப்பு இருப்பதால், குறை உடனே தெரியாது. தெரியும்போது மாத்திரையையும் நோயையும் யாரும் முடிச்சுப்போடுவதில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மெட்ஃபார்மின் உட்கொள்வோரின் பி12 அளவைக் கவனிக்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இதனால் மெட்ஃபார்மினை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது நல்ல மருந்து. குறைவதை ஈடுசெய்தால் போதும்.

உணவால் ஈடுசெய்யலாமே என்பார்கள். தாவரங்கள் பி12-ஐத் தயாரிப்பதில்லை, நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் வழியாகவே அது நமக்கு வருகிறது. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் இருக்கும். ஒருவரின் ஒருநாள் தேவை சுமார் இரண்டு மைக்ரோகிராம்தான் என்பதால், உறிஞ்சும் திறன் சரியாக உள்ளவருக்குப் பாலும் தயிருமே கைகொடுக்கும். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தியை நம்பி இருந்துவிட வேண்டாம். நீராகாரத்துக்கு வேறு நன்மைகள் இருக்கலாம், பி12 தேவையை அது நிறைவேற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. ரேஷன் கடையில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 சேர்க்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசி உண்பவருக்கு அதில் தேவையின் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதையும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று முறத்தில் பொறுக்கி எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘பி காம்ப்ளக்ஸ்’ என்ற பொதுப் பெயரும் ஒரு தடைதான். எட்டு வைட்டமின்களை ஒரே மூட்டையாகக் கட்டி, உடம்பு அசதிக்கெல்லாம் அதையே தீர்வாகக் கருதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. தயாமின் என்ற பி1 இல்லாவிட்டால், குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் பைருவேட் ஆற்றல் பாதைக்குள் நுழைய முடியாது. மதுவுக்கு அடிமையாகி மெலிந்து மயங்கிவந்தவருக்கு தயாமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயாமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படக்கூடும். பி6 அமினோ அமிலங்களை மாற்றும் நொதிகளுக்குத் துணை. காசநோய்க்கான ஐசோனியசிட் அதைக் குறைத்துவிடுவதால்தான் அந்நோயாளிகளில் பலருக்குக் கூடவே பைரிடாக்சின் என்ற பி6 மாத்திரையும் தருகிறார்கள். ஆனால் அதே பி6-ஐ அதிக அளவில் நீண்டகாலம் விழுங்கினால் நரம்பு கெடும். கால் எரிச்சலுக்கென்று சாப்பிட்ட மாத்திரையே கால் எரிச்சலைக் கொண்டுவரும். முடி உதிர்வுக்கு விற்கும் பயோட்டின் என்ற பி7 இன்னொரு வகைத் தொல்லை. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளில் அது தவறான முடிவைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. நீரில் கரைவது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்ற சமாதானம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

பரிசோதனை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அசதிக்காக பி12 கலந்த ‘சத்து ஊசி’ போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் பி12 பரிசோதித்தால் அளவு நிறைவாகவே காட்டும். நோயாளி பல மாதங்கள் ஏமாறுவார். இரத்தம் எடுத்த பிறகே ஊசி என்ற வரிசையைச் செவிலியர்களும் ஆய்வக நுட்பநர்களும் வலியுறுத்த வேண்டும். அளவு எல்லைக்கோட்டில் நிற்கும்போது மெத்தில்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்த்தால் தெளிவு கிடைக்கும். அவ்வசதியை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வைத்தாலே போதும். சிகிச்சையும் எட்டாதது அன்று. ஆயிரம் மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, இரைப்பைப் புரதத்தின் தயவின்றியே உள்ளே போய்விடும் என்பதால், நரம்புப் பாதிப்பு முற்றாத பலருக்கு ஊசியே தேவைப்படாது.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் நோயாளிக்கென வைக்கப்படும் பதிவுகளில் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றோடு, மெட்ஃபார்மின் தொடங்கிய ஆண்டு, கடைசியாக பி12 பார்த்த தேதி ஆகிய இரண்டையும் சேர்க்குமாறு மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் செய்ய நிதி இடம்தராவிட்டால், நான்கு ஆண்டுகளுக்கு மேல் இம்மாத்திரை உட்கொள்பவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், கேஸ் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள், பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் என்ற வரிசையில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.