கைகுலுக்கும் படத்துக்குக் கீழே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஆய்வு ஒப்பந்தம் என்றால், இரு துணைவேந்தர்கள் கோப்பைப் பிடித்து நிற்கும் படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கோப்பில் பெரும்பாலும் பணமும் இருக்காது, வேலைத் திட்டமும் இருக்காது.

கூட்டாய்வின் பலன் செலவைப் பகிர்வது மட்டுமல்ல, ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பது. எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளையைப் படமெடுக்க 2017 ஏப்ரலில் பல நாட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து திரட்டிய தரவு, இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. ஹார்ட் டிஸ்குகளாக விமானத்தில் போனது. அதிலிருந்து நான்கு குழுக்கள், ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே படம் உருவாக்கின. நான்கிலும் கருந்துளையைச் சுற்றிய ஒளி வளையம் தெரிந்தது. அதன் பிறகே, 2019 ஏப்ரல் 10 அன்று உலகுக்குக் காட்டினார்கள்.

சறுக்குவது சின்ன விஷயங்களில்தான். மார்பகத் திசுவிலிருந்து செல்களைப் பிரிக்கும் வேலையில் இரு ஆய்வுக்கூடங்களுக்கு முடிவுகள் ஒத்துப்போகவே இல்லை. (இத்தனைக்கும் இரண்டும் ஒரே நாட்டில்!) ஓராண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இருதரப்பு ஆய்வாளர்களும் ஒரே மேசையில் அருகருகே நின்று செய்து பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஒரு கூடத்தில் திசுவை வேகமாகக் கலக்கினார்கள், மற்றதில் மெதுவாக நெடுநேரம் சுழற்றினார்கள். 2014இல் இதையே ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆகவே செய்முறையில் 'கலக்கவும்' என்று எழுதினால் போதாது. வேகம், நேரம், வெப்பநிலை, பாத்திரம் எல்லாம் வேண்டும். முதலில் ஒரே ஆய்வு மாதிரியை (சாம்பிளை) இருபுறமும் அளந்து ஒப்பிட வேண்டும்.

மாதிரிகளை அனுப்புவது தனித் தலைவலி. மாதிரி கெடாமலிருக்கப் பெட்டியில் வைக்கும் உலர்பனியின் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ், ஆனால் அது ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி வார இறுதியில் சுங்கத்தில் கிடந்தால், திங்களன்று கையில் கிடைப்பது கெட்டுப்போன மாதிரி. இறக்குமதி அனுமதி கைக்கு வந்த பிறகு, வாரத் தொடக்கத்தில் அனுப்புவதே சரி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரு நாட்டிலும் தேவை. நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் 'வெளிநாட்டுக்கு அனுப்பப்படலாம்' என்ற வரி இல்லையென்றால், சேகரித்த மாதிரி அத்தனையும் உறைபெட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதையும் முதல் மாதத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், களத்தில் அலைந்து மாதிரி சேகரித்தவர்கள் பெயர் கடைசியில் நன்றியுரைக்குப் போய்விடும். இது வழக்கமாக நடக்கிற அநியாயம்.

அடுத்த முறை இப்படியொரு படம் வெளியிடும்போது, நிதி எவ்வளவு, தரவு யாரிடம் இருக்கும், முதல் மாதிரி எப்போது கிளம்பும் என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்