எத்தனை நாளுக்கு ஒருமுறை மெழுகு? ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன்

அனுப்புநர்: குன்னூர் வாடிக்கையாளர் (பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன, ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி மறுபடி கேட்டு எழுதிக்கொண்டீர்கள்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: பனிச்சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசுவது குறித்துத் தவறான தகவல் தந்தது, அதனால் ஏற்பட்ட நஷ்டம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதைக் கையால் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். காகிதமாக வந்தாலாவது யாராவது பிரித்துப் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் காஷ்மீரின் குல்மார்க்கில் பதினான்கு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போவதற்காகச் செப்டம்பரில் உங்களிடம் ஒரு ஜோடி பலகை வாங்கினோம். கூடவே ஒரு கட்டி மெழுகு, ஒரு பிளாஸ்டிக் சுரண்டி, ஒரு தூரிகை. எந்த மாதிரி, என்ன நீளம் என்று இங்கே எழுதவில்லை. விற்ற உங்களுக்குத் தெரியாததா? உடன் வந்த கையேட்டில் மெழுகைப் பற்றி ஒரே வரி: "தேவைக்கேற்பப் பூசவும்." தேவை எப்போது வரும் என்றுதான் கேட்டேன். என் குற்றம் அவ்வளவுதான்.

அக்டோபரில் பேசிய ஊழியர் மரியாதையாகவே பேசினார். பலகை தொழிற்சாலையிலிருந்தே மெழுகு பூசி வருகிறது, முதல்முறை பனியில் இறக்கும்வரை எதுவும் செய்ய வேண்டாம், அப்படியே சுவரோரம் சாய்த்து வையுங்கள் என்றார். ஐயா, இது குன்னூர். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும் ஊர். தீப்பெட்டியைக்கூட அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் உரசியதும் பற்றும். நவம்பர் கடைசியில் உறையைக் கழற்றிப் பார்த்தால், பலகையின் இரண்டு ஓரத்திலும் உள்ள இரும்புப் பட்டையில் டீத்தூள் தூவியதுபோல் துரு. அடிப்பாகம் கறுப்பாக இருக்க வேண்டியது. ஓரங்களில் வறண்ட கை முட்டிபோல் சாம்பல் வெள்ளையாக வெளுத்திருந்தது.

டிசம்பரில் அழைத்தபோது வேறொருவர். ஒவ்வொரு நாளும் பூச வேண்டும், மெழுகை உருக்கித் தேய்க்க வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும் என்றார். அதே வாரத்தில் மூன்றாமவர், வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றார். வருடத்துக்கு ஒருமுறைக்கும் தினமும் ஒருமுறைக்கும் நடுவில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று உங்கள் நிறுவனத்தில் யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? நான் இரண்டாமவரை நம்பிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பலகையின் வால் பக்கம் இரண்டு விநாடி நின்றதும் புகை வந்தது. நான்கு விரல் அகலத்துக்கு அடிப்பாகமே இளகிப் பளபளவென்று மூடிக்கொண்டது. பெட்டியின் நீராவித் துளைகளில் புகுந்த மெழுகு மறுநாள் என் கணவரின் வெள்ளைச் சட்டை முதுகில் இறங்கியது. தங்கை மகன் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த சட்டை.

இதற்குப் பிறகுதான் கோயம்புத்தூர் பயணம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. "எங்கள் சேவை மையத்துக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொடுப்போம்" என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள். ஆள் உயரப் பலகை இரண்டையும் பழைய போர்வையில் சுற்றிக் காலை ஆறரை பஸ்ஸில் ஏறினேன். கதவுச் சட்டமா என்று கேட்ட நடத்துநர், எழுந்து நிற்கும் பொருளுக்கு லக்கேஜ் போடுவதா ஆள் டிக்கெட் போடுவதா என்று யோசித்தே பர்லியாறு வரை வந்துவிட்டார். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் அது பக்கத்து சீட்டுப் பெரியவரின் தோளில் சாய்ந்தது. பதினான்கு முறையும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, உங்கள் மையத்துக்குப் போனால், அங்கிருந்த பையன் சொன்னது: "இங்கே டிரெட்மில் மட்டும்தான் பார்ப்போம்." பாவம், அவனைக் குறை சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தான். பூட்டு வாங்க வந்தவரைப் பூக்கடைக்கு அனுப்பியது யார் என்றுதான் கேட்கிறேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஜனவரி 3ஆம் தேதி மாலை பேசிய அந்த ஊழியரை மட்டும் பொறுக்க முடியாது. இருபத்து மூன்று நிமிடம் வாத்திய இசையைக் கேட்க வைத்துவிட்டு, நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும், "குன்னூரிலா? அங்கே பனி பெய்கிறதா மேடம்?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தது கேட்டது. பிறகு, "வீட்டில் அழகுக்கு மாட்டி வையுங்கள், மெழுகே வேண்டாம்." மார்கழியில் ஊட்டி காந்தல் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். உறைபனி எது, பனிப்பொழிவு எது என்று எனக்குத் தெரியும். பனி பெய்யாத ஊரிலிருந்து வந்த பணத்தை வாங்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையே!

சொல்ல மறந்துவிட்டேன், மெழுகும் தவறு. நீங்கள் அனுப்பிய கட்டியின் அட்டையில் பூஜ்யத்துக்கு மேல் பத்து டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. அது இளகும் பனிக்கான மென்மையான மெழுகு. ஜனவரி குல்மார்க்கில் மைனஸ் பத்து. அந்தக் குளிரில் பனித்துகள் கண்ணாடித் தூள்போல் கூராக இருக்கும். மென்மையான மெழுகுக்குள் குத்திக்கொண்டு பலகையை நகரவிடாது. முதல் இரண்டு நாளும் என் மகள் ஆற்று மணலில் சறுக்குவதுபோல் நின்றுகொண்டிருந்தாள். கூட வந்தவர்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு மேலே வந்தார்கள்.

கடைசியில் பதில் சொன்னவர் யார் தெரியுமா? குல்மார்க்கில் பலகை பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்து, இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: நான்கைந்து நாள் சறுக்கினால் ஒருமுறை, நாளை எண்ணாவிட்டாலும் ஓரம் வெளுத்தால் உடனே, கடினமான பனியில் இன்னும் சீக்கிரம். சூடு சீராக நிற்கும், மெழுகுக்கென்றே உள்ள இஸ்திரிப் பெட்டிதான் வேண்டும், துணி தேய்ப்பது கூடாது. மாதக்கணக்கில் வைப்பதென்றால் தடிமனாகப் பூசி, சுரண்டாமல், இரும்புப் பட்டையையும் மூடி விட்டுவிட வேண்டும். அக்டோபரில் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லியிருந்தால் துருவே வந்திருக்காது. பிளாஸ்டிக் துகளை அழுத்திச் செய்த அடிப்பாகம் மெழுகை நன்றாகக் குடிக்கும், அடிக்கடி கேட்கும் என்பதும் உங்கள் விளம்பரத்திலேயே பெருமையாக இருக்கிறது. விளம்பரம் எழுதியவரிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் சண்டைக்காரி அல்ல. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள். எனக்கு வேண்டியவை: பலகைக்கு மாற்றுப் பலகை, சரியான மெழுகு, சட்டைக்கும் பயணத்துக்கும் உரிய தொகை, அந்த ஜனவரி 3 ஊழியரின் எழுத்துபூர்வ மன்னிப்பு. மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்கச் சொல்கிறார் என் கணவர். மகளின் வீணான இரண்டு நாளைக் கணக்கிட்டால் அதுவும் குறைவுதான்.

பதினைந்து நாள் பொறுப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. மாவட்டத் தலைநகர் ஊட்டி எனக்கு ஒரு மணி நேரப் பயணம். உங்களுக்குச் சென்னையிலிருந்து ஓர் இரவு. வரும்போது கம்பளி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பலகையை உங்கள் ஆளே வீட்டுக்கு வந்து எடுத்துப் போக வேண்டும். நான் மறுபடி அதைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன்.