ஸ்பீக்கரை அணைத்த மகனுக்கு

அன்புள்ள மகனே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாடகை இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று சொல்லப் போன இடத்தில், வீட்டுக்கார அம்மா "ஆறுதலாத் தாங்கோ" என்றாராம். யார் செத்துப்போனார்கள் என்று இவர் ஆறுதல் சொல்கிறார் என நீ முழித்தாயாம். அடுத்து "விளங்குதோ?" என்று கேட்டதும் உனக்குச் சுருக்கென்று கோபம் வேறு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். விளங்குதோ என்றால் புரிகிறதா, அவ்வளவுதான். 'இவன் விளங்கமாட்டான்' என்று திட்டியே பழகியவர்கள் நாம். அதற்கு டொராண்டோவில் இருக்கும் அந்த அம்மா என்ன செய்வார்?

நானும் பட்டவள்தான். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போன புதிதில், ஆட்டோக்காரரிடம் "பைய போங்கண்ணே" என்றேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பையா? எங்கம்மா வுட்ட? பேஜாராப் போச்சே" என்று பின்சீட்டை எட்டிப் பார்த்தார். உன் அப்பா சிரித்த சிரிப்பில் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அதிலிருந்து சென்னையில் இருந்தவரை 'மெதுவா' என்றே சொன்னேன்.

பிறகு நீ இரண்டாம் வகுப்பில் கொன்றை வேந்தன் ஒப்பித்தாய்: "பையச் சென்றால் வையம் தாங்கும்." கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். திருக்குறளிலும் இருக்கிறது, 1098ஆம் குறளில்: "பசையினள் பைய நகும்." இதைச் சொல்லவா இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன்!

அந்த ஆட்டோக்காரரின் 'பேஜார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. இறங்கும்போது அவர் கேட்ட 'துட்டு', டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர். ஆக, இரண்டு பேருமே பழஞ்சரக்கைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டில் குடிக்க 'வெள்ளம்' வேண்டுமா என்று கேட்பார்கள், நினைவிருக்கிறதா? உன் அப்பா ஒவ்வொரு தடவையும் "எங்க ஊர்ல வெள்ளம் வந்தா ஓடிருவோம்" என்பார். முதல் தடவை சிரித்தார்கள்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நான் "ஏலே" என்றதும் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தாய். பக்கத்தில் உன் நண்பர்கள் இருந்திருப்பார்கள். உன்னை அதட்டுகிறேன் என்று அவர்கள் நினைத்தால் தப்பில்லை. நீ சுவரில் கிறுக்கியபோது நான் போட்ட ஏலே வேறு, சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கூப்பிட்ட ஏலே வேறு. எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், உனக்குக் காதிலேயே தெரியும். அவர்கள் இருக்கும்போது பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன், போ. அவர்கள் கிளம்பிய பிறகு ஒரு வார்த்தை சொல்லு.

வாடகையை ஆறுதலாகவே கொடு. ஆனால் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடு, விளங்குதாலே?

அன்புடன்,
அம்மா