பதில் பெட்டியைத் திறந்துவிடுங்கள்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

இன்று பல பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் என்ன வருகிறது? விடுமுறை அறிவிப்பு, தேர்வு அட்டவணை, கட்டண நினைவூட்டல், நாளைக்குக் கொண்டுவர வேண்டிய நோட்டு. நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும் என்று பூட்டும் போட்டாகிவிட்டது. அப்புறம் ‘சமூக ஊடகத்தைக் கற்பித்தலில் பயன்படுத்துகிறோம்’ என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை கைப்பேசிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் மொழியாசிரியர். கட்டுரை நோட்டில் ஒரு மாணவி எழுதுவதைப் படிப்பது ஒரே ஒருவர். அவரும் படிப்பதைவிடத் திருத்துவதுதான் அதிகம். பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் மதிப்பெண், கடைசியில் கையெழுத்து. தான் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்பது அவளுக்குத் தெரியாமலே நோட்டு மூடப்படும். அதே மாணவி தோழிக்கு அனுப்பும் செய்தி குழப்பமாக இருந்தால் அடுத்த நொடியே ‘என்னடி சொல்ற?’ என்று வந்துவிடும். உடனே மாற்றி எழுதுவாள். யாரும் மதிப்பெண் போடாமலே!

இதைத்தான் வகுப்புக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். வெளியார் நுழைய முடியாத ஒரு பக்கத்தில் ஆளுக்கொரு பத்தி எழுத வேண்டும். மற்றவர்கள் பின்னூட்டம் இட வேண்டும். சும்மா விட்டால் ‘சூப்பர்’, ‘அருமை’, ஒரு கட்டைவிரல், இதற்கு மேல் எதுவும் வராது. அதனால் ஒரு விதி வைத்தேன்: படித்ததிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டு, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒரு பையன் ‘எங்கள் தாத்தா மிகவும் கண்டிப்பானவர்’ என்று எழுதியிருந்தான். ‘கண்டிப்புன்னா? அடிப்பாரா, திட்டுவாரா?’ என்று ஒருத்தி கேட்டாள். அவன் மாற்றி எழுதியது இது: ‘தாத்தாவுக்குக் கோபம் வந்தால் செய்தித்தாளை நான்காக மடிப்பார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பேச மாட்டோம்.’ ‘விளக்கமாக எழுதவும்’ என்று நான் சிவப்பு மையில் எழுதியிருந்தால் இந்தச் செய்தித்தாள் வந்திருக்காது.

பேச்சுக்கும் இதே கதைதான். வகுப்பின் முன்னால் நின்று பேச ஒரே ஒரு வாய்ப்பு, தடுமாறினால் சிரிப்பு. குரல் பதிவில் அப்படியில்லை. பேசி, கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். கூச்சப்படும் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். நம் கைக்கு வருவது ஒரு நிமிடப் பேச்சு. அதற்குப் பின்னால் எத்தனை ஒத்திகை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாசிப்பையும் விட்டுவிடக் கூடாது. பலமுறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. 2020 முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். நிறுவனமே வேகத்தடை போட்ட பிறகும், அந்த அம்புக்குறிக்கு என்ன பொருள் என்று நாம் எந்தப் பாடத்தில் சொல்லித்தருகிறோம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்று அறிஞர்கள், இளங்கலை மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் என மொத்தம் 45 பேர் இணையப் பக்கங்களை எடைபோட்டார்கள். அறிஞர்களில் பலரும் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு பாடவேளையில் செய்து காட்டிவிடக்கூடிய பழக்கம் இது. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினால், அச்சில் வந்ததெல்லாம் முடிந்த முடிவு என்ற எண்ணமும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

உங்கள் தயக்கம் தெரியும். அதில் பாதி எனக்கும் உண்டு. கவனம் ஒருமுறை சிதறினால் மாணவர்கள் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. பல தளங்களில் கணக்கு தொடங்க 13 வயது ஆக வேண்டும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் முக்கியத் தளங்களுக்கு அதை 16 ஆக்கியது. ஆகவே பிள்ளைகள் ஆளுக்கொரு கணக்கு தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும் என்பதால், மாணவர்களை அதில் சேர்ப்பதும் வேண்டாம். பள்ளியின் பெயரில் ஒரு மூடிய பக்கம், எண் வெளியே தெரியாத உள்நுழைவு, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் போதும். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடம் கிடைக்க, வேலை பள்ளிக் கணினியில், பள்ளி நேரத்தில் நடக்கட்டும். கணினி குறைவா? கட்டுரையைச் சுவரில் ஒட்டி, கீழே வெள்ளைத்தாளில் பின்னூட்டம் எழுதச் சொல்லலாம், விதி அதேதான்.

ஆசிரியர் பக்கமும் சொல்லிவிடுகிறேன். பின்னூட்டங்களைப் பார்ப்பதும் எல்லை மீறியதை நீக்குவதும் வேலைதான். அதை இரவு பத்து மணிக்கு, சொந்தக் கைப்பேசியில், நல்லெண்ணத்தில் செய்யச் சொல்லாதீர்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். கட்டுரை மதிப்பெண்ணில் ஒரு பங்கை, அடுத்தவர் எழுத்துக்குக் கேட்ட நல்ல கேள்விக்கும், அதைப் பார்த்துத் திருத்தி எழுதியதற்கும் தர அனுமதியுங்கள். அனுமதி வாய்வார்த்தையாக இல்லாமல் சுற்றறிக்கையாக வரட்டும். ஆய்வுக்கு வருபவர் இன்னும் கட்டுரை நோட்டைத்தான் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மொழியாசிரியர்