அந்த ரப்பர் காலை இப்ப வாங்காதே

சோமனூர்

மாப்ளே,

தங்கச்சி, குழந்தைங்க எல்லாம் சௌக்கியமா இருப்பீங்க. இங்கயும் அப்படித்தான். அம்முச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப சீரியல்ல வர்றவளுங்க சேலையைப் பாத்தே நூல் கவுண்ட் சொல்லுது. நோம்பிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்ததுக்கு உன்னைத் திட்ட ஒரம்பரை பூரா காத்துட்டு இருக்காங்க.

அதெல்லாம் கெடக்கட்டும். ரெக்கார்ட் பிளேயருக்கு அடியில வெக்கற நாலு ரப்பர் காலுக்கு நீ சொன்ன விலையைக் கேட்டதுலருந்து எனக்கு மனசே ஆறலை. போன்ல சொன்னா "சரி சரி"ன்னுட்டு அடுத்த நிமிஷமே ஆர்டர் போட்டுருவே. அதான் உக்காந்து எழுதறேன்.

ரெக்கார்டுல முள்ளு போற பள்ளம் ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்குதான் அகலம். அதுக்குள்ள மெல்லிசான சத்தமெல்லாம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ வளைஞ்சு கெடக்கு. பாட்டு எது, பலகை ஆடறது எதுன்னு முள்ளுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எல்பி ரெக்கார்டு வெட்டறப்ப பேஸை, அதான் கனமான கீழ்ச் சத்தத்தை, கொறைச்சு வெட்டறாங்க, முள்ளு எடுக்கற சத்தத்தைப் பெருசாக்கற போனோ ஆம்ப் அதைத் திருப்பித் தூக்கிக் குடுக்குது. 1000 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு ஆயிரம் ஆட்டத்துல, தூக்கறதைவிட 20 ஹெர்ட்ஸ்ல ஒம்பது மடங்குக்கு மேல எச்சு. பாட்டோட பேஸுக்கு மட்டுமா? கீழருந்து வர்ற அதிர்வுக்கும் அதே மரியாதைதான்.

நான் இதைக் கண்ணுலயே பாத்தவன். வீட்டுக்குத் தெக்கால இருக்கற விசைத்தறி செட்டுல தறி ஓடறப்ப ஸ்பீக்கர் முன்னாடி துணியைக் கழட்டிப் பாத்தேன். பாட்டு இல்லாத எடத்துலயும் வூஃபரோட, அதான் பேஸ் ஸ்பீக்கரோட, கோன் மூச்சு வாங்கறாப்ல முன்னயும் பின்னயும் போயிட்டு வருது. காதுக்கு ஒண்ணும் கேக்கலை. சாதாத் தறியில நிமிஷத்துக்கு 120, 150 தடவை குறுக்கு நூல் போடற நாடா பாயும், நொடிக்கு ரெண்டு ரெண்டரை தடவை அடிக்கும். ஒவ்வொரு அடியும் அதைவிட வேகமான பல அதிர்வையும் கிளப்பி விடும். பிளேயரோட ஆர்மும் அது நுனியில முள்ளு மாட்டியிருக்கற கார்ட்ரிட்ஜும் சேந்து தானா ஆடற எடம் 8லருந்து 12 ஹெர்ட்ஸ். தறி அதிர்வு நேரா அங்க போய் உக்காந்துக்கும்.

சரி, உன் ரப்பர் காலுக்கு வர்றேன். மெத்துனு இருக்கற எதுக்கும் தனக்குன்னு ஒரு ஆட்டம் உண்டு. பிளேயர் வெயிட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்குச்சுன்னா ஏறக்கொறைய 16 ஹெர்ட்ஸ், ஒரு சென்டிமீட்டர் அமுங்குச்சுன்னா 5. அதுக்கு ஒண்ணரை மடங்கு மேல வர்ற அதிர்வைத்தான் அது தடுக்க ஆரம்பிக்கும். கீழ இருக்கறதை அப்படியே உள்ள விடும், அதே எடத்துல வர்றதை இன்னும் பெருசாக்கியே விட்டுரும். நீ பாத்து வெச்சிருக்கறது ஒரு மில்லி அமுங்கினாப் பெருசு. ஸ்பீக்கர் சத்தத்துக்குச் சித்தெ ஒதவும், இல்லைங்கலை. நடை அதிர்வெல்லாம் அதுக்கு அடங்காது.

1961லயே அமெரிக்காவுல ஏ.ஆர். (அக்கௌஸ்டிக் ரிசர்ச்) கம்பெனியில எட்கர் வில்ச்சர் இதுக்கு ஒரு வேலை பண்ணினார். ரெக்கார்டு சுத்தற தட்டையும் ஆர்மையும் ஒரே சட்டத்துல பூட்டி ஸ்பிரிங்குல தொங்க விட்டார், மோட்டாரை மட்டும் மேல்பலகையில தனியா வெச்சார். ஆடுனாலும் ரெண்டும் சேந்தே ஆடும், முள்ளுக்கும் பள்ளத்துக்கும் தகராறு வராது. அதுக்கு முன்னாடி இந்த ஜெல்லி காலெல்லாம் எம்மாத்திரம்!

இன்னொண்ணு. நீ பாக்கற வீடியோக்காரங்க பாதிப்பேர் வீடு மரத்தரை. நடந்தாலே பலகை துள்ளி முள்ளு குதிக்கும், அவங்க பொலம்பறது நியாயம். உனக்கு மூணாவது மாடின்னாலும் கான்கிரீட்டு. உன்ற வில்லன் அந்தத் தேக்கு ஷோகேஸ். பிளேயரும் ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பலகையில குந்திட்டு இருக்குது! போன தடவையே பாத்தேன், தங்கச்சி போட்ட காப்பிக்காக வாயைத் தொறக்கலை.

நம்பலைன்னா ஒண்ணு பண்ணு. ரெக்கார்டைப் போட்டுச் சுத்த விடாம முள்ளை மட்டும் அது மேல எறக்கு. வால்யூமை மெதுவா, கவனமா ஏத்து. ஷோகேஸ் ஓரத்துல விரல்ல தட்டு. "டொம்"னு ஸ்பீக்கர்ல வந்துச்சுன்னா பாட்டு ஓடறப்பவும் அதேதான் நடக்குது. முதல்ல ஸ்பீக்கரை எறக்கித் தனி ஸ்டாண்டுல வை. அப்பறமும் கேட்டா பிளேயருக்கடியில ஒரு கடப்பாக் கல்லு, கல்லுக்கடியில பழைய ஸ்கூட்டர் டியூப். காத்து பாதிதான் இருக்கணும், எச்சாப் போச்சுன்னா அதுவும் கல்லாட்டம் ஆயிரும். ரசமட்டம் வெச்சுப் பாத்துக்க.

எனக்கு அதெல்லாம் செஞ்சும் பத்தலை. வடக்குச் செவுத்துல ஆங்கிள் அடிச்சுக் கல்லை ஏத்துனேன், கொஞ்சம் தேவலை. கூலி ஸ்ட்ரைக்ல தறி நின்னப்பத்தான் அதே ரெக்கார்டைப் போட்டுப் பாத்தேன். கோன் துளி அசையலை. வீணைத் தந்தியில விரல் உரசறது வரைக்கும் கேட்டுச்சு. ஆனா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செட்டுக்கார அண்ணன் ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு உக்காந்திருக்காரு. எப்படிடா ரசிக்கறது? தறி மறுபடி ஓடிப் பாட்டு கெட்டப்பத்தான் எனக்கு நிம்மதியாச்சு. இப்ப அவரு பாதித் தறியை எடைக்குப் போட்டுட்டாரு. லாரியில ஏத்தறப்ப நானும் ஒரு கை புடிச்சேன். கரண்டு பில்லுக்கும் கூலிக்கும் கட்டலைங்கறாரு, என்னத்தச் சொல்ல? அவரு பையன் பெங்களூர்ல, எம் பையன் செட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேங்கறான். மீதித் தறியும் போயிருமோன்னு வெசனமா இருக்கு மாப்ளே.

போதும், எழுதுனா எழுதிட்டே போவேன். ஞாயித்துக்கிழமை டியூபோட வர்றேன், கல்லு நீ வாங்கி வை. ஷோகேஸ் விஷயத்தைத் தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்காதே, காரியம் கெட்டுரும்.

உன்
மச்சான்